பந்தியில் உட்காராத மொய்

எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் 2010ஆம் ஆண்டு தை மாதம் சொட்டத் தொடங்கியது. நான் இணையத்தளம் தொடங்கியதும் அதே தை மாதம்தான். என் முதல் கட்டுரையின் தலைப்பு: ‘சொட்டும் குழாயைப் பத்தே நிமிடத்தில் சரிசெய்வது எப்படி?’

அதை எழுதும்போதும் குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. எழுத்துக்கு அது நல்ல தாளமாகவும் இருந்தது.

“ஏங்க, எழுதினதுல பாதியை நம்ம குழாய்ல செஞ்சு பாக்கக்கூடாதா?” என்றாள் மனைவி, சொட்டுக்கு அடியில் குண்டானை நகர்த்தியபடி.

“எழுதுறவன் வேற, ஸ்பேனர் பிடிக்கிறவன் வேற” என்றேன். உலகுக்கே வீட்டுக் குறிப்பு சொல்லக் கிளம்பியவன், நம் வீட்டுப் பெருங்காய டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வான் என்ற உண்மை எனக்கும் அவளுக்கும் நடுவே இருக்கட்டும்.

முதல் வாரம் தளத்துக்கு வந்தவர்கள் 11 பேர். வருகைக் கணக்கைக் கூர்ந்து பார்த்ததில் அவர்களில் 9 பேர் நான். ஒருவர் சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர். நான் போன் போட்டு வரச்சொன்னதால் வந்தவர். மிச்சம் ஒருவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. தேடுபொறி அனுப்பிய ரோபோவாக இருக்கலாம். மைத்துனரைவிட அது அதிக நேரம் படித்திருந்தது.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைப் பையன்தான் வழி சொன்னான். “கடையைத் தொறந்து வெச்சுட்டு உள்ளயே உக்காந்திருந்தா யாருக்கு சார் தெரியும்? நாலு சைட்ல புக்மார்க் போடுங்க, கூட்டம் அள்ளும்.”

எனக்குத் தெரிந்த புக்மார்க் வேறு. அப்பாவுக்குப் பஸ் டிக்கெட். அம்மா, பைண்டு செய்த தொடர்கதையில் விட்ட இடத்தில் ஹேர்பின் குத்திவைப்பாள். ‘இங்கே திரும்பி வருவேன்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதற்கு அது. அமெரிக்காவில் ஜோஷுவா ஷாக்டர் என்பவர் 2003ல் டெலிஷியஸ் தளத்தைத் தொடங்கியதும் கிட்டத்தட்ட இதற்காகத்தான். பார்த்த பக்கங்களின் முகவரியை மறக்காமல் குறித்துவைக்க வேண்டும். ‘சமையல்’, ‘தோட்டம்’ என்று ஒரு சொல்லை ஒட்டிவைத்தால் பிறகு தேடி எடுக்கலாம். என் குறிப்பை நீங்களும் பார்க்கலாம், உங்கள் குறிப்பை நானும் பார்க்கலாம். இரண்டே ஆண்டில் யாஹூ அதை வாங்கிவிட்டது. கெவின் ரோஸ் 2004ல் கொண்டுவந்த டிக் இன்னும் ஒரு படி மேலே போனது. பிடித்த பக்கத்துக்கு ஓட்டு. ஓட்டு ஏற ஏற, பக்கம் முகப்புக்கு ஏறும்.

ஓட்டு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த வாக்காளர் பட்டியல் விழித்துக்கொண்டது.

அன்றிரவே ஐந்து கணக்குகள் தொடங்கினேன். என் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் பெயரில் ஒன்று, மாமியார் பெயரில் ஒன்று. ஐந்தாவது குலதெய்வத்தின் பெயரில். கடவுச்சொல் மறந்தால் அவரே பார்த்துக்கொள்வார். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து பேராகவும் மாறி மாறி உள்ளே போய், என் கட்டுரையைக் குறித்துவைத்து, நானே வியந்து, நானே வெளியே வந்தேன். கீபோர்டைத் தொட்டுத் துடைத்துக்கூடப் பழக்கமில்லாத மாமியார் ஒரே மாதத்தில் குழாய், ஃப்யூஸ், கதவுக் கீல் பற்றிய 40 பக்கங்களைப் பரிந்துரைத்திருந்தார். அத்தனையும் மருமகன் எழுதியவை. நேரில் அவர் என்னைப்பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பதால் அந்தக் கணக்கில் மட்டும் எனக்குக் கூடுதல் திருப்தி.

தமிழிலும் இந்தக் கூத்து சூடாக நடந்த காலம் அது. 2004லிருந்து தமிழ்மணம் இருந்தது. பின்னால் தமிழிஷ் வந்து, பிறகு இன்ட்லி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஓட்டுப் பட்டையை நம் பக்கத்தின் அடியிலேயே ஒட்டிக்கொள்ளலாம். ஓட்டுப் போட்டவர்கள் சும்மா போவதில்லை, ‘த.ம. 4’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். தமிழ்மணத்தில் நாலாவது ஓட்டு என்னுடையது, மறந்துவிடாதே என்று பொருள்.

அதைப் பார்த்ததும் எனக்குச் சொந்த ஊருக்கே போன மாதிரி இருந்தது. நான் பேராவூரணிப் பக்கத்துக்காரன். ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் மொய் விருந்து நடக்கும். பந்தலுக்குள் மேசை போட்டு, நோட்டும் பேனாவுமாக நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஊர், பெயர், தொகை. நேற்று அவர் வைத்ததை இன்று நான் திருப்பி வைப்பேன், மேலே கொஞ்சம் போட்டு. அந்தக் கொஞ்சத்தை என் விருந்தில் அவர் திருப்பியாக வேண்டும். மறந்தால் நோட்டு பேசும்.

ஆகவே நானும் ஒரு 80 பக்க நோட்டு வாங்கினேன். இடப்பக்கம் எனக்கு ஓட்டுப் போட்டவர், வலப்பக்கம் நான் போட்டது. விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து பாக்கி தீர்ப்பேன். கவிதைக்கு ஓட்டு, கோயில் வரலாற்றுக்கு ஓட்டு, பங்குச்சந்தைக்கு ஓட்டு. அவசரத்தில் படிக்க நேரமிராது. ‘அருமை, தொடருங்கள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வீடு. ஒருவர் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்ட துயரத்தை எழுதியிருந்தார். அதற்கும் ‘அருமை, தொடருங்கள்’ என்று எழுதிவிட்டேன். அவரும் ‘நன்றி’ என்றுதான் பதில் எழுதினார். என் குழாய்க் கட்டுரையை அவர் படித்த லட்சணமும் அதுதான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நடுவில் ஒருநாள் ஸ்டம்பிள்அப்பான் என்ற தளத்திலும் அந்தக் கட்டுரையைச் சேர்த்துவைத்தேன். பெயருக்கு ‘தடுக்கி விழு’ என்று பொருள். பொத்தானை அழுத்தினால் அது ஏதாவது ஒரு பக்கத்தில் கொண்டுபோய் நம்மைத் தள்ளும். ஈபே நிறுவனம் 2007ல் 7.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியிருந்த தளம். மறுநாள் காலை என் வருகைக் கணக்கு 1,840. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், அதே 1,840. அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிவந்தேன்.

“யாருக்குங்க பிரமோஷன்?” என்றாள்.

சொன்னேன். “எத்தனை நேரம் இருந்தாங்களாம்?” என்று கேட்டாள். விருந்தாளி வந்தால் அவள் கேட்கும் முதல் கேள்வி அது. உலை வைக்க வேண்டுமல்லவா? பார்த்தேன். சராசரி ஐந்து விநாடி. பெரும்பாலோர் அமெரிக்கா. தமிழில் ‘அ’ கூடத் தெரியாத 1,800 பேர் தடுக்கி என் வீட்டுத் திண்ணையில் விழுந்து, எழுந்து, தூசி தட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். “அப்ப ஒரு டம்ளர் தண்ணிகூடக் குடிக்கலை” என்றாள். மைசூர்பாகை மட்டும் நாங்கள் சாப்பிட்டோம்.

போகட்டும், இத்தனை சுட்டி விழுந்ததால் கூகுளாவது மதிக்கும் என்று பக்கத்து மேசைப் பையனிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். ஒரு பக்கத்துக்கு விழும் சுட்டியை அதற்கு வந்த மொய்போலத் தேடுபொறி எண்ணும் என்பது உண்மைதான். ஆனால் என்னைப்போன்ற ஐந்து முகக்காரர்கள் உலகம் முழுக்க இருந்ததால், கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூவரும் 2005லேயே ஒரு ஏற்பாடு செய்துவிட்டார்கள். சுட்டியில் ‘நோஃபாலோ’ என்று ஒரு சொல்லைச் செருகிவிட்டால், அன்றைய தேடுபொறி அதைக் கணக்கில் சேர்க்காது. டெலிஷியஸிலும் அந்தச் சொல் இருந்தது. அதாவது, மூன்று மாதமாக நான் தூக்கம் கெட்டு எழுதிய மொய்க் கவர்கள் அத்தனையும் காலிக் கவர்கள்.

“இதை மொதல்லயே சொல்லக்கூடாதா தம்பி?”

“நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க சார்.”

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. நான் நோட்டும் கையுமாக ஓட்டுப் பாக்கியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். குழாய்க் கட்டுரைக்கு மொத்தம் 23 ஓட்டு. என் குடும்பமும் குலதெய்வமும் போக 18. ‘மிகவும் பயனுள்ளது’ என்று 14 பேர். திடீரென்று சமையலறையிலிருந்து கோயில் யானை தண்ணீர் பீச்சும் சத்தம். ஓடினேன்.

மனைவி நின்றுகொண்டிருந்தாள். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். ஒரு கையில் ஸ்பேனர். மறு கையில், மகனைவிட்டு அவள் பிரிண்ட் எடுத்துவைத்திருந்த என் கட்டுரை. கழற்றிய குழாயின் வாயிலிருந்து தண்ணீர் எதிர்ச் சுவர் அஞ்சறைப் பெட்டியைக் குறிபார்த்து அடித்துக்கொண்டிருந்தது.

“மொதல்ல தண்ணியை நிறுத்தணும்னு இதுல எங்கங்க எழுதியிருக்கு?”

தாளை வாங்கிப் பார்த்தேன். 1: கைப்பிடியைக் கழற்றவும். 2: மேல் நட்டைத் திருகி எடுக்கவும். 3: தேய்ந்த வாஷரை மாற்றவும். தண்ணீரை நிறுத்துவதைப் பற்றி எங்கும் ஒரு சொல்லும் இல்லை. மாடிக்கு ஓடினேன். அங்கே போன பிறகுதான், எங்கள் வீட்டு கேட் வால்வு எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது என்று தெரிந்தது. மகனுக்குத் தெரிந்திருந்தது. தொட்டிக்குப் பின்னால் குனிந்து அவன்தான் மூடினான்.

23 ஓட்டு, 14 பயனுள்ளது, 1,840 தடுக்கி விழுந்தவர்கள். அத்தனை பேரில் ஒருவருக்கும் அந்தக் குறை கண்ணில் படவில்லை. மொய் எழுதினார்கள், வெற்றிலைபாக்கு வாங்கிக்கொண்டார்கள், பந்தியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்தவள் ஒருத்திதான். முதல் கவளத்திலேயே அவளுக்குக் கல் கடித்தது.

டெலிஷியஸ் கைமாறிக் கைமாறிக் கடைசியில் 2017ல் 35,000 டாலருக்கு விலைபோனது. ஸ்டம்பிள்அப்பான் 2018ல் கதவைச் சாத்தியது. நான் அதற்கு வெகு முன்பே சாத்திவிட்டேன். நோட்டில் எனக்கு வரவேண்டிய ஓட்டு இன்னும் 31 பாக்கி.

அந்தத் தாள் மட்டும் இருக்கிறது. காய்ந்த பிறகு அவள் மேலே பால்பாயின்ட் பேனாவால் ஒரு வரி சேர்த்தாள். ஒன்றுக்கு முன்னால் வேறு எண் இல்லாததால் சுழி போட்டு எழுதினாள்: ‘0: வால்வை மூடு. தொட்டிக்குப் பின்னால்.’ சமையலறைக் காலண்டருக்குக் கீழே ஆணியில் மாட்டியிருக்கிறாள். மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிப் பழுப்பாகிவிட்டது. குழாய் மறுபடி சொட்டும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்த்துத்தான் வாஷர் மாற்றுகிறாள்.

பார்த்துப் பெருமைப்படப் போனேன். தாளின் தலைப்பக்கம்தான் தளத்தின் முகவரி அச்சாகியிருந்தது. ஆணி சரியாக அதன்மேல்தான் இறங்கியிருக்கிறது.