வித்தவுட்டில் வந்தவர்கள்: உப்புநீர்த் தொட்டிக்குள் டிக்கெட் இல்லாமல் ஏறிய உயிர்களை இனங்காணல் குறித்து ஓர் ஆய்வு

கடல்மீன் தொட்டி வைப்பவர் முதலில் வாங்குவது மீன் அல்ல, கல். ‘லைவ் ராக்’ என்று கிலோக் கணக்கில் நிறுத்துத் தருவார்கள். செத்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடுதான் அது, உள்ளே முழுக்கப் பொந்து. அந்தப் பொந்துகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கி, மீனைச் சாகாமல் காக்கின்றன. பில்லில் கல்லுக்கு மட்டுமே விலை. கல்லோடு தொற்றிக்கொண்டு வரும் நண்டு, நத்தை, புழு, இறால் எதற்கும் யாரும் காசு வாங்குவதில்லை. இந்த வித்தவுட் பயணிகள் யார் யார் என்று கண்டறிவதே நம் ஆய்வுப் பொருள்.

முன்னோர் இத்துறையில் ஓரளவு உழைத்திருக்கிறார்கள். தொல்காப்பிய மரபியல் நத்தைக்கு இரண்டறிவும் நண்டுக்கு நான்கறிவும் கொடுத்து வரிசைப்படுத்தியது. லின்னேயஸ் 1758இல் விலங்குகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டினார். இரண்டு முறைகளும் தொட்டிக்காரருக்குப் பயன்படவில்லை. பிராணி முழுசாகக் கண்ணில் படும் என்று இருவரும் நம்பிவிட்டார்கள். தொட்டிக்காரர் காண்பதெல்லாம் ஒரு கால், ஒரு மீசை, லைட்டைப் போட்டதும் பொந்துக்குள் இழுபடும் ஏதோ ஒன்றின் பின்பாதி. ஆகவே அவர் தாமாக ஒரு வகைப்பாடு செய்துகொண்டார்: அருவருப்பாக இருந்தால் குற்றவாளி, அழகாக இருந்தால் விருந்தாளி. இது ஏறக்குறையத் தலைகீழ் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

கருவிகள்: டார்ச் ஒன்று, அதன் முகப்பில் கட்ட சிவப்பு செலஃபேன் தாள், ரப்பர் பேண்டு. கடல்பிராணிகள் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி சரிவரத் தெரியாது. களப்பணி நள்ளிரவில். இடையூறு பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்தே வரும்.

“என்னங்க, மணி ரெண்டு. அங்க என்ன பண்றீங்க?”

“புழு பாக்கறேன்.”

“பகல்ல பாத்தா ஆகாதா?”

“பகல்ல வராதும்மா.”

முதல் குற்றவாளி சுணைப்புழு. இளஞ்சிவப்பு உடம்பு, கணுவுக்குக் கணு இருபுறமும் வெள்ளை மயிர்க் கற்றை. தொட்டால் கற்றைகள் விறைத்துக்கொண்டு நிற்கும், விரலில் ஏறிய சுணையை செல்லோடேப் ஒட்டிப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். பார்த்தவுடனே மரண தண்டனை விதித்துவிடுவார்கள். உண்மையில் மிஞ்சிய தீவனத்தையும் செத்த நத்தையையும் தின்று தொட்டியைத் துப்புரவாக வைப்பது அதுதான். இரவில் மீன் செத்தால் விடியற்காலையில் பிணத்தின்மேல் சுணைப்புழு இருக்கும். பிணம் எடுக்க வந்தவரைப் பிடித்துக் கொலை வழக்குப் போடும் கதை.

எய்ப்டேசியாவுக்கோ ராஜமரியாதை. கல்லின் ஓரத்தில் ஒரு நாள் கண்ணாடிபோல் பழுப்பாய், மெல்லிய கைகளை விரித்து ஆடும். “ஓசியில கடல்சாமந்தி வந்திருக்கு” என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போட்டோ போகும். அதன் அடிப்பாகத்திலிருந்து கழன்று விழும் துணுக்கு ஒவ்வொன்றும் தனிச் சாமந்தியாகும். பிரஷ்ஷால் தேய்த்துத் துரத்த நினைத்தவருக்குத் தோட்டமே அமையும். பக்கத்தில் பவளம் இருந்தால் கொட்டியே ஒழித்துவிடும். கால்சியம் ஹைட்ராக்சைடைக் குழைத்து ஊசியால் அதன் வாயில் ஏற்றுவது வழக்கமான வைத்தியம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அடிப்படையில் இதே சரக்குதான். பெர்கியா என்ற ஓடில்லா நத்தையை விடுவாரும் உண்டு. அது எய்ப்டேசியாவைத் தவிர வேறெதையும் தொடாது. கொடுத்த வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டுப் பட்டினியில் சாகும்.

உருவமே காட்டாமல் ஓசையால் மட்டும் அறியப்படுவோர் இருவர். இரவில் கல்லுக்குள்ளிருந்து ‘டக்’. பிஸ்டல் இறாலாக இருக்கலாம். கொடுக்கை அது மூடும் வேகத்தில் ஒரு குமிழி உண்டாகி உடைகிறது, சத்தம் அந்தக் குமிழியுடையது என்று 2000இல் கண்டறிந்தார்கள். இது சாது. மாண்டிஸ் இறாலாகவும் இருக்கலாம், அது சாது அல்ல. அதன் குத்து வினாடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போகும் என்று 2004இல் ஷீலா பாட்டெக் குழுவினர் அளந்தார்கள். 1998இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் காட்சியகத்தில் டைசன் என்ற மாண்டிஸ் தொட்டிக் கண்ணாடியையே உடைத்தது. இருவரையும் பிரித்தறியும் வழி எளிது: காலையில் நத்தை ஓடுகள் நொறுங்கிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். பிடிப்பதற்குக் கல்லை வெளியே எடுத்துப் பொந்துக்குள் சோடாவைப் பீய்ச்சுவார்கள். வெறும் சோடா. பன்னீர் சோடா ஆகாது.

சுணைப்புழுவுக்காக வாதாடிய இக்கட்டுரையாளர் அதன் தூரத்துச் சொந்தம் ஒன்றை மட்டும் கைகழுவுகிறார். 2009இல் இங்கிலாந்தின் நியூகே நகர்க் காட்சியகத்தில் பவளங்கள் கடிபட்டுக்கொண்டே இருந்தன. பொறி வைத்தும் பலனில்லை. கடைசியில் கற்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது சுமார் 1.2 மீட்டர் நீளப் புழு வெளிப்பட்டது. பாரி என்று பெயர் வைத்தார்கள். சம்பளம் வாங்கும் நிபுணர்களுக்கே இந்தக் கதி. தலையில் ஐந்து உணர்கொம்பும் உடம்பில் வானவில் மினுமினுப்பும் கண்டால் கையை விடாதீர்கள்.

இதெல்லாம் எதற்கு, கல்லை வேகவைத்துவிட்டால் தீர்ந்தது என்போர் உண்டு. இங்கே மட்டும் வேடிக்கை இல்லை. சில கற்களில் ஒட்டியிருக்கும் பாலித்தோவா உயிர்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அதன் ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் இருக்கிறார்கள்.

பிடிபட்ட மாண்டிஸைக் கொல்ல மனம் வராது, அதன் நிறமும் உருளும் கண்ணும் அப்படி. தனித் தொட்டி, தனி பம்ப், தனி விளக்கு வாங்கப்படும்.

“அதுக்கு என்ன போடுவீங்க?”

“உயிர் நத்தை.”

“அப்ப மீனுக்கு?”

“டப்பாத் தீவனம்தான்.”