நிற்பவர்

லண்டனுக்கு ஓவியம் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் கால் வேலை செய்யாது. நோய் ஒன்றும் இல்லை. நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

யாரையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். எம்.பி.ஏ. படிக்க வருகிற பையன் ஹீத்ரோவில் இறங்கிய அரை மணியில் சிம் கார்டு போட்டுவிடுகிறான். கம்ப்யூட்டர் படிக்க வருகிறவன் மறுநாளே எந்தக் கடையில் பார்ட் டைமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எனக்கே தகவல் சொல்கிறான். ஓவியர் மட்டும் விமானம் தரையிறங்கி மூன்று மணி நேரம் கழித்து டிராலியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். இமிக்ரேஷனில் பிடித்து வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, அக்காவுக்குப் போன் போடலாமா வேண்டாமா என்று வெளியே ஒரு மனிதன் மூன்று காபி குடித்துத் தவித்துக்கொண்டிருக்கிறான். பார்க்கிங் மீட்டர் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. வந்தவர் வாயிலிருந்து வருகிற முதல் வாக்கியம்:

"மாமா, அந்தக் கூரை வழியா லைட்டு எறங்குச்சு பாருங்க... ப்பா!"

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓவியர்களை 'அவர்' என்றுதான் எழுத உத்தேசம். நடுவில் எங்காவது 'அவன்' என்று வந்தால், அந்த வரி எழுதும்போது எனக்கு பி.பி. ஏறியிருந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எஸ்கலேட்டர். ட்யூப் நிலையங்களில் எஸ்கலேட்டரின் வலது பக்கம் நிற்க வேண்டும், இடது பக்கத்தை அவசரக்காரர்களுக்கு விட்டுவிட வேண்டும். இந்த நாட்டுக்கு ஒரே புத்தகமாக எழுதி வைத்த அரசியல் சாசனம் கிடையாது. ஆனால் இதை மட்டும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். 2016-இல் ஹோல்போர்ன் நிலையத்தில், இரண்டு பக்கமும் நின்றால் இன்னும் நிறையப் பேர் போகலாம் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டு, அப்படியே நிற்கச் சொல்லி மாதக்கணக்கில் பரிசோதித்தார்கள். பாட்டன் சொத்தைப் பிடுங்கினதுபோல் ஜனங்கள் கொதித்தார்கள். திட்டம் மூட்டை கட்டப்பட்டது. அன்றைக்கு அதிகாரிகளால் முடியாததை நம் ஓவியர் ஒற்றை ஆளாகச் செய்து காட்டினார். காலை எட்டே முக்கால் மணிக்கு, இடது பக்கம், பெரிய பையோடு, தலையை அண்ணாந்து, எதிர் எஸ்கலேட்டரில் இறங்குகிற முகங்களைப் பார்த்தபடி.

பின்னாலிருந்து ஒருவர் "எக்ஸ்க்யூஸ் மீ" என்றார்.

"பரவால்ல மாமா, டீசன்டா கேக்கறாங்க" என்றார் ஓவியர், நகராமல்.

அது டீசன்ட் இல்லை தம்பி. காலை எட்டே முக்காலுக்கு லண்டன்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற அந்த எக்ஸ்க்யூஸ் மீக்கு, நம் மவுண்ட் ரோட்டில் "வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்பதுதான் நேர் மொழிபெயர்ப்பு.

அடுத்தது நிழல். ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் கறிவேப்பிலை வாங்கப் போகிறோம். பகல் ஒரு மணி, செப்டம்பர் கடைசி, அதிசயமாக வெயில். கூட வந்தவரைக் காணோம். திரும்பிப் பார்த்தால் இருபதடி பின்னால் நடைபாதை நடுவில் நிற்கிறார். குழந்தை வண்டி தள்ளுகிற பெண்களும், தள்ளுவண்டிப் பையை இழுக்கிற கிழவர்களும் ஆற்று நடுப் பாறையைச் சுற்றுகிற தண்ணீர்போல் இரண்டாகப் பிரிந்து போகிறார்கள்.

"மாமா, அப்பிடியே நில்லுங்க. அசையாதீங்க."

நின்றேன். என் காலடியிலிருந்து என் நிழலைப் பாதம் பாதமாக வைத்து அளக்க ஆரம்பித்தார். என் உயரம் ஐந்தரை அடி. நிழல் ஏழடிக்கு மேல்.

"உச்சி வெயில் மாமா இது! உச்சி வெயில்ல ஏழடி நெழல்! நம்ம ஊர்ல இந்நேரத்துக்குக் காலடியில சுருண்டு கெடக்கும், ஒன்றரை அடிகூட வராது."

சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, லண்டன் 51-ஐத் தாண்டி இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் இங்கே சூரியன் எவ்வளவு முக்கினாலும் 40 டிகிரி உயரத்தைத் தொடாது. இதெல்லாம் வீட்டுக்கு வந்து செல்போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். "அதான் இவங்க படத்துல எல்லாம் வெளிச்சம் பக்கவாட்டுல வந்து மூஞ்சில படுது. நமக்குத் தலையில கொட்டுது" என்றார் ஓவியர். பத்தொன்பது வருடமாக இந்த நிழலை இழுத்துக்கொண்டு இதே தெருவில் நடக்கிறேன். எனக்கு அது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

பஸ் விவகாரத்துக்கு வருகிறேன். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். லண்டன் பஸ்ஸில் ஒரு தரம் ஏற 1.75 பவுண்டு. ஆனால் முதல் பஸ்ஸில் கார்டைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு எத்தனை பஸ் ஏறினாலும் அதற்குத் தனிக் காசு இல்லை. ஏழை எளியவர்களுக்காகச் செய்த நல்ல ஏற்பாடு. ஈஸ்ட்ஹாமில் 115 ஏறி, கமர்ஷியல் ரோட்டில் இறங்கி 15 பிடித்தால், அதே 1.75-இல் டிரஃபால்கர் சதுக்கம் போய்விடலாம். இதை ஓவியருக்குத் தாளில் படம் போட்டே விளக்கினேன். படம் நன்றாயில்லை என்றார்.

கமர்ஷியல் ரோட்டில் இறங்கினோம். எதிரே ஒரு பழைய செங்கல் சுவர், அதில் அழிந்தும் அழியாமலும் எந்தக் காலத்தோ விளம்பர எழுத்து. நின்றார். 15 வந்தது, போனது. இன்னொரு 15 வந்தது, போனது. "இந்தச் செங்கல் கறுப்பு இல்ல மாமா, மஞ்சள். மேல இருக்கறது கரி." விசாரித்தால் அதுவும் சரிதான், லண்டனின் பழைய செங்கல் மண்ணில் சுண்ணாம்பு கலந்து சுட்டது, அதனால் மஞ்சள். ஆனால் என் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது. ஐம்பத்தெட்டு நிமிடம். ஐம்பத்தொன்பது. அறுபத்திரண்டாவது நிமிடத்தில் ஏறினோம். கார்டு தொட்டதும் மிஷின் 'பீப்' என்றது. அதன் அர்த்தம் எனக்கு மட்டும் தெரியும்: இன்னொரு 1.75.

செயின்ட் பால்ஸ் தேவாலயம் வந்ததும் இறங்கிவிட்டான். நானும் இறங்கினேன், வேறென்ன செய்ய. கோபுரத்தைப் பார்த்து ஒன்றேகால் மணி நேரம். மறுபடி பீப். ஒரு நாளில் பஸ்ஸுக்கு 5.25 பவுண்டுக்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. பத்தொன்பது வருடத்தில் அந்த வரம்பை நான் எட்டியதே இல்லை. அன்றைக்குப் பகல் சாப்பாட்டுக்கு முன்னாலேயே எட்டியாகிவிட்டது.

மற்ற குணங்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மூன்றாம் நாளே கறுப்புச் சட்டை, கறுப்புப் பேண்ட். நான்காம் நாள் முதல் எங்கள் வீட்டு ஹால் ஹால் இல்லை, 'ஸ்பேஸ்'. சாம்பார்க் கரண்டி வைக்கிற டம்ளரில் தூரிகை. என் மனைவி "பாவம், புள்ள" என்று அந்த டம்ளரைக் கழுவி வைக்கிறாள். நான் டம்ளரில் ஸ்பூன் போட்டு வைத்தால் வேறு மாதிரி பேசுவாள்.

தேசிய கேலரிக்கு வருவோம். டிரஃபால்கர் சதுக்கத்துக்கு நூறு தடவையாவது போயிருப்பேன், ஊரிலிருந்து வந்தவர்களைச் சிங்கத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுக்க. உள்ளே போனதில்லை. டிக்கெட் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். 1824-இல் ஆரம்பித்த இடம், நுழைய இன்றைக்கும் காசு வாங்குவதில்லை.

ஹோல்பைன் என்பவர் 1533-இல் வரைந்த படம் ஒன்று. இரண்டு தூதர்கள் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள். கம்பளம், பூகோள உருண்டை, தந்தி அறுந்த ஒரு வாத்தியம். கீழே தரையில், சாய்வாக, யாரோ அப்பளத்தைக் கோணலாகப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் ஒரு சாம்பல் நிறக் கறை. நம் ஓவியர் படத்துக்கு எதிரே நிற்கவில்லை. வலது பக்கச் சுவரோடு சுவராக, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றார். காவலர் எட்டிப் பார்த்தார். நான் இவனைத் தெரியாதவன் மாதிரி அடுத்த படத்துக்கு நகர்ந்தேன்.

"மாமா, இங்க வாங்க. இந்த எடத்துல நின்னு பாருங்க. இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம்."

போய் ஒட்டிக்கொண்டேன். அந்த அப்பளம் மெல்லச் சுருங்கி, திரண்டு, நிமிர்ந்து, மண்டையோடாக என்னைப் பார்த்தது. தூதர்கள் இரண்டு பேரும் கோணலாகிப் போனார்கள். ஒரு அடி இப்படி வந்தால் மறுபடி அப்பளம். அப்படிப் போனால் மண்டையோடு. அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிற ஒரு கணக்காளர், சுவரோரமாக முன்னும் பின்னும் எத்தனை தடவை போய் வந்தார் என்பது அந்தக் காவலருக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயமாக இருக்கட்டும்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் அமராவதிச் சிற்பங்கள் முன்னால் நின்றது இரண்டு மணி நேரம். குண்டூர்ப் பக்கத்துக் கல். அதே ஸ்தூபத்தின் மற்ற கற்கள் எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. இவர் படித்த கவின் கலைக் கல்லூரியிலிருந்து நடந்து போகிற தூரம். நான்கு வருடத்தில் எத்தனை தரம் போனாய் என்று கேட்டேன்.

"ரெண்டு தரம். ஒரு தரம் பூட்டியிருந்துச்சு."

இந்த இடத்தில் என் பி.பி.யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது செங்கல் பேச்சு மறுபடி வந்தது. டேட் கேலரி 1972-இல் ஒரு கலைப்படைப்பு வாங்கியதாம். கார்ல் ஆந்த்ரே என்கிற அமெரிக்கருடையது. 120 செங்கல், இரண்டு அடுக்காக, தரையில். அவ்வளவுதான் படைப்பு. நான்கு வருடம் கழித்துப் பத்திரிகைகள் பொங்கி எழுந்தனவாம், மக்கள் பணத்தில் செங்கல்லா என்று. ஓவியர் செங்கல் கட்சி. நான் பத்திரிகைக் கட்சி. குரோம்பேட்டையில் உங்கப்பா மாடி கட்டும்போது லாரியிலிருந்து நான் இறக்கிப் போட்டது அதைவிட நேர்த்தியாக இருந்தது, அதை யாரும் வாங்கவில்லை என்றேன்.

சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். அந்த வீட்டுப் பத்திரம் இப்போது பாங்க்கில் இருக்கிறது. இவன் படிப்புக்கு.

இனிமேல் நகைச்சுவை கொஞ்சம் தள்ளி நிற்கட்டும். காலேஜில் இந்த வாரம் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். திங்கட்கிழமை தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக ஓட வேண்டும் என்று காட்டினார்கள். செவ்வாய்க்கிழமை நூலக அட்டை. புதன்கிழமை காலேஜ் பெயர் போட்ட துணிப்பை. அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு. வாரத்துக்கு இரண்டு நாள்.

"ரெண்டு நாளா?"

"மீதி நாள் நாமளே பண்ணிக்கணும் மாமா. அதான் இங்க சிஸ்டம்."

நாமே பண்ணிக்கொள்வதற்கு எதற்கு வீட்டுப் பத்திரம் என்று எனக்குப் புரியவில்லை. இந்த ஊர்ப் பிள்ளை கட்டுவதைவிடப் பல மடங்கு கட்டணம். அது போக, ஆஸ்பத்திரிப் பக்கம் போனாலும் போகாவிட்டாலும் விசாவோடு சேர்த்து வருடத்துக்கு 776 பவுண்டு முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். காலேஜ் நடக்கிற காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. பார்க்கலாம் என்றாலும் யார் கொடுக்கிறார்கள்? அன்று சாயங்காலம் ஹை ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி வேலை கேட்டிருக்கிறான். மளிகைக்கடை, தோசைக்கடை, செல்போன் கடை. எந்த வாசலிலும் ஒரு நிமிடம்கூட இவனை நிற்க விடவில்லை போலிருக்கிறது. அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டான்.

அவன் தூங்கின பிறகு பழக்கதோஷத்தில் ஒரு கணக்குப் போட்டேன். கட்டின பணத்துக்கு இந்த வாரம் கைக்கு வந்தது ஒரு துணிப்பை. ஏழடி நிழல், மஞ்சள் செங்கல், மண்டையோடு, அமராவதிக் கல் எல்லாம் காசில்லாமல் அவனாக நின்று வாங்கியது. பஸ் கார்டு மட்டும் என்னுடையது.

வெள்ளிக்கிழமை தேசிய கேலரி ராத்திரி ஒன்பது மணி வரை திறந்திருக்கும். "நீ உள்ள போடா, நான் படியில உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். ஒன்பது அடித்தது. கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். இவனைக் காணோம். குளிர் காது வழியாக ஏறியது. ஊரில் அப்போது ராத்திரி ஒன்றரை மணி. போன் அடித்தது. அக்கா.

"சாப்பிட்டானாடா?"

"இன்னும் இல்லக்கா. உள்ள படம் பாத்துட்டு இருக்கான்."

"இந்த நேரத்துலயா? என்ன பண்றான் உள்ள?"

"நிக்கிறான்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஏண்டா," என்றாள், "அவ்ளோ பெரிய ஊர்ல உக்கார ஒரு எடம் கெடைக்கலையா எம்புள்ளைக்கு?"