பனியில்லா ஊரில் பனிக்கால நடை: ஓர் ஆராய்ச்சி

தூத்துக்குடியில் குளிர்காலம் உண்டா? இலக்கணத்தைக் கேட்டால் உண்டு என்கிறது. தொல்காப்பியம் பெரும்பொழுதை ஆறாகப் பகுத்தது; மார்கழியும் தையும் முன்பனிக்காலம் என்றார்கள் உரைகாரர்கள். நெய்தல் நிலத்துக்கு ஆறு பொழுதும் உரியவை என்றும் எழுதிவைத்தார்கள். ஆக, சட்டப்படி இவ்வூருக்குக் குளிரில் பாத்தியதை இருக்கிறது. வெப்பமானிதான் ஒத்துழைக்க மறுக்கிறது. மார்கழி விடியற்காலையிலும் அது 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

இந்த வழக்கைக் காலால் அளந்த வெளிநாட்டவர்களில் மூத்தவர் பிரான்சிஸ் சவேரியார். 1536 நவம்பரில் தோழர்களோடு பாரிஸை விட்டுப் புறப்பட்டு, பனியில் நடந்தே 1537 ஜனவரியில் வெனிஸ் போய்ச் சேர்ந்தவர் அவர். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவ்வாண்டு அக்டோபர் 28 தேதியிட்ட அவருடைய கடிதம் தூத்துக்குடியிலிருந்து எழுதியது. அந்தக் கிறிஸ்துமஸுக்குக் காலடியில் பனி இல்லை, மணல். அதற்காக நடையை நிறுத்தினாரா? கையில் மணியை வைத்து ஒலித்தபடி ஊரைச் சுற்றி, சிறுவர்களையும் ஆண்களையும் திரட்டியதாக 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதுகிறார். இன்று டிசம்பர் இரவுகளில் கிதாரும் டிரம்ஸும் தூக்கிக்கொண்டு, கிறிஸ்துமஸ் தாத்தாவை முன்னால் விட்டு வீடு வீடாகப் போகிற கேரல் ரவுண்ட்ஸுக்கு மூலம் இதுவே என்று இக்கட்டுரை துணிகிறது. மறுப்பவர்கள் கேரல் குழு தெருவுக்குள் நுழையும் நேரத்தில் தூங்கிக் காட்டட்டும்.

அடுத்த நடையாளர் மிஷனரி கால்டுவெல். 1841-இல் சென்னையிலிருந்து நீலகிரியைச் சுற்றிக்கொண்டு நெல்லைச் சீமைக்கு நடந்து வந்தார். ஊட்டிக் குளிரை அனுபவித்த பிறகும் இடையன்குடித் தேரிமணலுக்கு இறங்கிப் பல்லாண்டு இருந்தவர், குளிரைத் தேடி வந்தவர் அல்லர் என்பது வெளிப்படை.

இனி, தலையாய சான்று. ஊரின் பெரிய கோயிலுக்கே பனிமய மாதா பேராலயம் என்று பெயர். நான்காம் நூற்றாண்டில், கடுங்கோடையில், ஓர் ஆகஸ்ட் 5 அன்று ரோமாபுரிக் குன்றொன்றில் பனி பெய்தது என்ற ஐதீகத்திலிருந்து வந்த பெயர் அது. 1713-இல் எழுந்த ஆலயம். 1982-இல் பசிலிக்கா ஆனது. திருவிழா இங்கும் ஆகஸ்ட் 5-தான், மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. மற்ற நாடுகளில் பனி கொட்டினால் பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். பனியின் பேரால் வெயிலில் விடுமுறை விடுவது தூத்துக்குடி.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் தமிழ். புல்லில் நிற்கும் துளியும் பனி. ஆல்ப்ஸில் குவிவதும் பனி. கனடாவிலிருந்து லீவுக்கு வந்த பேரன் அரைக்கால் சட்டையோடு விடியற்காலையில் பீச் ரோட்டுக்குக் கிளம்புகிறான். "ஏல மக்கா, பனி பெய்யுது, தலையில துண்டக் கட்டிட்டுப் போ" என்கிறாள் பாட்டி. சொல்லில் குற்றமில்லை. வாசலில் மண்வெட்டியால் பனியை வாரிப் போட்டுவிட்டு விமானம் ஏறியவனுக்குத்தான் பொருளில் குற்றம் தெரிகிறது. ஆனால் ரோச் பூங்காப் பக்கம் போனதும் அவன் சிறுபான்மை ஆகிவிடுகிறான். எதிரே வருகிற பெரியவர்கள் குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக வருகிறார்கள். அவனை அவர்கள் பார்க்கிற பார்வையில் பரிதாபம் இருக்கிறது.

வெண்மைக்கு ஊர் மாற்று ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. சவுக்குக் கிளைதான் கிறிஸ்துமஸ் மரம், அதன்மேல் பஞ்சு. பஞ்சு விஷயத்தில் தூத்துக்குடி எவருக்கும் கடன்பட்டதில்லை. கரிசல்காட்டுப் பருத்தி இந்தத் துறைமுகத்தில்தான் கப்பலேறியது. கிரேட் காட்டன் ரோடு என்றே ஒரு சாலைக்குப் பெயர் வைத்தார்கள். உப்பு இன்னும் பொருத்தம். என்ன செய்ய, வடகிழக்குப் பருவமழையில் உப்பளம் ஓய்ந்து, அம்பாரங்களையெல்லாம் மூடிப் போட்டுவிடுகிறார்கள். எஞ்சுவது மக்ரூன். முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த கூம்பு. ஈரக்காற்று பட்டால் நமத்துவிடும், நாக்கில் பட்டால் கரைந்துவிடும். பனிச்சிகரத்துக்கு இதைவிட நெருங்கிய மாதிரி கிடைக்காது என்ற முடிவுக்கு ஆய்வாளர் கால் கிலோவுக்குப் பிறகே வந்தார்.

விளையாட்டல்லாத ஒன்று மழை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது. அந்தக் கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்ட வேண்டிய கைகள் வீட்டுச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தன. எனவே டிசம்பரில் வருகிறவர்கள் ஸ்வெட்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குடையை வைக்கவும்.

கடைசியாக, பனிக்கும் பனைக்கும் உள்ள தொடர்பு. கொட்டையைப் புதைத்து முளைக்க விட்ட பனங்கிழங்கு மார்கழிக் கடைசியில்தான் தோண்டுகிற பக்குவத்துக்கு வரும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நாரை உரித்து, நடந்துகொண்டே தின்னலாம். புத்தாண்டு முடிந்த கையோடு வாகைக்குளத்தில் விமானம் ஏறுகிறவர்கள், பயணச்சீட்டைப் பொங்கல் தாண்டி மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.