அத்தையின் பசி

கேள்வி: மறதி நோய் வந்த மாமியார், சாப்பிட்ட அரை மணி நேரத்தில் "எனக்கு யாரும் சோறே போடலை" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார். எரிச்சலில் கத்திவிட்டு, பிறகு அழுகிறேன். நான் கெட்டவளா?
- பெயர் வேண்டாத வாசகி, திருச்சி

பதில்: கெட்ட மருமகளுக்கு இந்தச் சந்தேகமே வராது! புது நினைவுகளைப் பதியவைக்கும் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியைத்தான் அல்சைமர் என்னும் மறதி நோய் ஆரம்பத்திலேயே அரிக்கிறது. அதனால் 1965-இல் சம்பந்தி பந்தியில் அப்பளம் விட்டுப்போனது நினைவிருக்கும். இன்றைக்கு நீங்கள் பிசைந்து கொடுத்த ரசம் சாதம் இருக்காது. "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. "குக்கர் விசில் வரட்டும் அத்தே" என்று சொல்லி, ஒரு டம்ளர் மோரை நீட்டுங்கள். கத்தியது நீங்களல்ல, ராத்தூக்கம் இல்லாத உடம்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து, "அம்மா நல்லாத்தானே இருக்காங்க!" என்று கிளம்பும் நாத்தனாரை அடுத்த முறை ஒரு வாரம் தங்கவையுங்கள். நீங்கள் அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.