ஊசிக்கு எந்தக் கிழமை?

எங்கள் வீட்டில் போனை எந்த நேரத்திலும் எடுக்கலாம். ராகு காலம், எமகண்டம் எதுவும் பார்க்க வேண்டாம். ஊசி எடுக்கத்தான் நாள் பார்க்க வேண்டும். செவ்வாய், வெள்ளி கூடாது. அமாவாசை கூடவே கூடாது. விளக்கு வைத்த பிறகு எந்தக் கிழமையானாலும் கூடாது. இது அத்தை போட்ட சட்டம். அத்தைக்கு அவருடைய மாமியார் போட்டது. நானோ காலை எட்டரைக்கு ஆபீசுக்குக் கிளம்பி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்கிற ஆள். சட்டப்படி எனக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஒன்றுதான். அன்றைக்கு மட்டன் எடுக்க வேண்டும், மாவாட்ட வேண்டும், யூனிஃபார்முக்கு இஸ்திரி போட வேண்டும், "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்று வருகிறவர்களுக்குக் காபி போட வேண்டும்.

சட்டம் என்றால் ஓட்டையும் இருக்குமே. ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி மகனின் சட்டைப் பட்டன் அறுந்துவிட்டது. மறுநாள் ஸ்கூலில் குரூப் போட்டோ. அத்தையே ஊசி டப்பாவை எடுத்து நீட்டினார். "பிள்ளைக்குன்னா தோஷம் கிடையாதும்மா." அப்படியானால் தோஷம் கிழமையைப் பார்த்து வருவதில்லை, துணி யாருடையது என்று பார்த்துத்தான் வருகிறது.

காசு வந்தாலும் தோஷம் வராது. எங்கள் தெருவில் கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி ஒர்க் போடுகிற பெண் ஒருத்தி, முகூர்த்த மாதங்களில் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் குனிந்த தலை நிமிர மாட்டாள். அவள் வீட்டில் யாரும் கிழமை பேசுவதில்லை. மாமியார் பால் கொண்டுவந்து வைக்கிறார். நான் தலையணை உறை ஓரத்தில் காம்புத் தையலில் ஒரு கொடி ஓட்டிக்கொண்டிருந்தால், எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இதை வித்தா எவ்வளவு வரும்?" என்கிறார். விற்கப்போவதில்லை என்றால், "அப்புறம் எதுக்கு?" என்கிறார். என்னிடம் பதில் கிடையாது. வாரம் முழுக்க நான் செய்கிற மற்ற எல்லா வேலைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதனாலேயே இது பிடிக்கிறது.

கடைசியில் எனக்கு நேரம் வாங்கித் தந்தது டிவி சீரியல். ஊரே அதைத் திட்டட்டும், கையில் ஊசி வைத்திருப்பவர்கள் திட்டக் கூடாது. கண்ணை எடுத்தாலும் கதை தவறாது. உள்ளே நுழைகிறவள் நல்லவளா கெட்டவளா என்று பின்னணி இசையே சொல்லிவிடும். யாராவது ஒரு குண்டைத் தூக்கிப் போட்டால், வீட்டிலிருக்கிற அத்தனை பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டி முடிக்க வேண்டும்; கூட்டுக் குடும்பக் கதை என்றால் அதற்குள் ஒரு இலையை நிரப்பிவிடலாம். கிரிக்கெட்டில் இந்தச் சௌகரியம் கிடையாது. இவர் கத்துகிற கத்தலில் நிமிர்ந்தால் ஊசி விரலில் ஏறும். அத்தைக்கும் லாபம்தான். "இவ யாரு, அவன் தங்கச்சியா?" என்று கேட்க ஆள் கிடைக்கிறது. குனிந்தபடியே, "இல்லத்தை, முதல் சம்சாரம்" என்பேன். விளக்கு வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அதைப் பற்றி இரண்டு பேருமே பேசுவதில்லை.

ஆனால் சீரியல் வெளிச்சத்தில் நூல் கோர்க்க முடியாது. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு ஊசிக்காது என்பது ஒரு நம்பிக்கைதான். அதனால் ஞாயிற்றுக்கிழமையே மகளைப் பிடித்து, இருக்கிற ஊசிகளில் எல்லாம் கோர்த்து ஸ்பாஞ்சில் குத்தி வைக்கச் சொல்லிவிடுகிறேன். ஆங்கர் நூல் ஒரு கண்டு எட்டு மீட்டர், ஆறு இழை. தைக்க இரண்டு இழை போதும். இரண்டையும் சேர்த்து உருவினால் மிச்சம் நாலும் சிக்கிக்கொள்ளும். ஒற்றை இழையைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். மற்ற ஐந்தும் சுருண்டு சுருண்டு கீழே இறங்கும். பார்த்தால் பகீரென்று இருக்கும். இழை முழுதாக வெளியே வந்ததும் மிச்சத்தை ஒரு நீவு நீவினால் நேராகிவிடும். பிறகு அடுத்த இழை. மகள் இதைப் பிரமாதமாகச் செய்வாள், ஊசிக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டு.

தைக்க நேரம் கிடைக்கிற விஷயத்தில் எனக்குப் பொறாமை எல்லாம் ஸ்காட்லாந்து ராணி மேரி மேல்தான். 1568இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவரை எலிசபெத் ராணி பிடித்து வைத்துக்கொண்டார். 1587இல் தலையை வெட்டும்வரை சுமார் 19 வருஷம் காவல். காவல் பொறுப்பிலிருந்த பிரபுவின் மனைவி பெஸ்ஸோடு உட்கார்ந்து மேரி தைத்துத் தள்ளியிருக்கிறார். அதில் செம்பட்டைப் பூனை ஒன்றும், கூடவே ஓர் எலியும் உண்டு. செம்பட்டை முடி எலிசபெத்தைத்தான் குத்திக் காட்டுகிறார் என்பார்கள். ஊசியால் குத்துவதில் இது உயர்ந்த ரகம். சமையலுக்கு ஆள், துணிக்கு ஆள். தலை போனது வருத்தம்தான், ஆனால் அத்தனை வருஷத்தில் ஒருத்தராவது அவரிடம் "சார்ஜர் எங்கே?" என்று கேட்டிருப்பார்களா?

அந்தச் சார்ஜரால்தான் நான் தோடர் எம்பிராய்டரியைக் கைவிட்டேன். நீலகிரியில் தோடர் பெண்கள் துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பிலும் கறுப்பிலும் கோலத்தை எழுப்புகிறார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் வீட்டில் பதினேழாவது இழையைத் தாண்டியதாகச் சரித்திரம் இல்லை. கொடியும் இலையும் என்றால் கணக்கு கிடையாது, எங்கே வேண்டுமானாலும் விட்டுவிட்டு எழுந்திருக்கலாம்.

எம்பிராய்டரிக்கு மடி போதும். போர்வைக்குத் தரை வேண்டும். வங்காளத்துக் காந்தா மாதிரி, பழைய நூல் புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட ஆசைப்பட்டேன். அத்தையின் சுங்குடிகள் மேல் நான் கண் வைத்திருந்தபோது, அவர் பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிறவரிடம் ஒரு எவர்சில்வர் வாளிக்குப் பேசி முடித்திருந்தார். கடைக்கு ஓடி அதைவிடப் பெரிய வாளியாக வாங்கிக் கொடுத்துப் புடவைகளை மீட்டேன்.

அடுக்கைச் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி, நகராமலிருக்கப் பெரிய பெரிய தையலாக முதலில் ஓட்டிக்கொள்ள வேண்டும். ஹாலே அடைந்துவிடும். எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போன நாளில், தலைவலி என்று சொல்லி நின்றுகொண்டேன். துணைக்கு இருக்கட்டும் என்று மாமாவை விட்டுப் போனார்கள். கத்தரிக்கோல் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் மாமா நட்டநடுவில் பேப்பரோடு படுத்திருந்தார். "முதுகுக்கு இதமா இருக்கும்மா." எழுப்ப மனசு வரவில்லை. மாமாவைச் சுற்றித் தைத்தேன். நடுவில் மட்டும் பாக்கி.

"எப்பதான் முடியும்?" என்று இவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மதுரையில் மார்கழியில்கூட நாங்கள் ஃபேனை ஒரு பாயிண்ட் குறைப்பதோடு சரி. குளிர் ஆரம்பிக்கட்டும், முடித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.