கட்டைக்கு ஒரு மிருதங்கம்

என் அண்ணன் மகன் டிரம்ஸ் வாங்கியபோது முதலில் முடிவானது நிறம். நீலம், அதிலும் மினுமினுக்கிற நீலம். அதற்கப்புறம்தான் மேப்பிள் மரமா பிர்ச் மரமா, பேஸ் டிரம் 20 அங்குலமா 22 அங்குலமா என்ற பேச்செல்லாம். ஸ்நேர், டாம், ஹைஹாட், க்ராஷ், ரைடு என்று பட்டியல் நீண்டதே தவிர, பாடப்போவது யார், அவருக்கு எத்தனை கட்டைச் சுருதி என்று அவனும் சொல்லவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. அந்த ஒரு நீலத்தை வைத்துக்கொண்டு திருச்சி ஜில்லாவின் கல்யாண மண்டபங்களையெல்லாம் அவன் சுற்றி வந்துவிடுகிறான்.

ஸ்ரீரங்கத்தில் மிருதங்கம் வாசிக்கிற எனக்கு அந்தச் சலுகை இல்லை. என் வாத்தியத்தைத் தேர்ந்தெடுப்பது பாடகரின் தொண்டை. மார்கழியில் அவருடைய ஜலதோஷம்.

ஆண் பாடகர் ஒரு கட்டை, ஒன்றரை என்பார். அதற்கு 24 அங்குலத் தக்கு மிருதங்கம். பாடகி ஐந்து, ஐந்தரை என்பார். அதற்கு 22 அங்குல ஹெச்சு மிருதங்கம். இந்த இரண்டோடு தொழில் முடிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தபோதுதான் சில பாடகிகள் நாலுக்கு இறங்கினார்கள், சில பையன்கள் மூன்றுக்கு ஏறினார்கள். நடுவில் நிற்கிற இவர்களுக்காக மூன்றாவதாக ஒன்று. "பெரிசையே கொஞ்சம் ஏத்தி வாசியுங்களேன்" என்பார் சபா செயலாளர். ஏற்றலாம். அளவுக்கு மீறி ஏற்றினால் தோல் விறைத்து நாதம் போய்விடும், டப்பா சத்தம்தான் மிஞ்சும். டப்பாவிலும் தாளம் வருகிறதே என்பது செயலாளரின் கட்சி.

இத்தனை அவஸ்தைக்கும் காரணம் கண்டுபிடித்துச் சொன்னவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். 1888இல் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், நோபல் பரிசு வாங்குவதற்குப் பத்து வருஷம் முன்பே, 1920இல், 'நேச்சர்' இதழில் ஒரு சகாவோடு சேர்ந்து நம் தோல் வாத்தியங்களைப் பற்றி எழுதினார். சும்மா இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் கிளம்பும் துணைச் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை; அது வெறும் சத்தம். வலந்தலை என்கிற வலப்பக்கத் தோலின் நடுவில் சோற்றையும் கல்பொடியையும் குழைத்து, தடவித் தடவித் தேய்த்து ஏற்றுகிறார்களே அந்தக் கறுப்புக் கரணை, அதன் பாரம் அந்தச் சுரங்களை வரிசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது, அது நாதம். நாதம் வந்த கையோடு பாடகரோடு சேர வேண்டிய கட்டாயமும் வந்துவிட்டது. அண்ணன் மகனின் டிரம்முக்குக் கரணை கிடையாது, ஆகவே கட்டை கிடையாது, ஆகவே செலவு ஒரு தடவைதான். விஞ்ஞானம் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. என் மனைவியிடம்தான் எடுபடவில்லை.

ஒரு தடவைதான் என்றதும் அவனுக்குக் கோபம். "சிம்பல் விலை தெரியுமா சித்தப்பா?" அவன் ஆசைப்படுவது ஜில்ஜியான். தங்கம் செய்யக் கிளம்பிய ரசவாதி ஒருவர் செம்பையும் வெள்ளீயத்தையும் கலந்ததில் பிறந்தது. 1623இல் இஸ்தான்புல்லில் தொடங்கிய கடை. அதே 1623இல்தான் திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்தார், பிறகு தலைநகரைத் திருச்சியிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோனார். நாங்கள் தலைநகரையே தொலைத்துவிட்டோம். அவர்கள் இன்னும் கடையை மூடவில்லை.

அவனுக்கு ஸ்டாண்டு, பெடல், குச்சி. எனக்குக் கல்லும் ரவையும். தோலைச் சுற்றியுள்ள பின்னலை மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும்; தட்டுவதற்கு ஒரு கட்டைத்துண்டும் கைக்கடக்கமான ஓர் உருண்டைக் கல்லும் வேண்டும். திருச்சி நடுவே 270 அடிக்குக் கல் நிற்கிறது, எங்களுக்கு ஒரு கைக்கல் அகப்படுவதில்லை. காவிரியில் கேட்டால் மணல்தான் தருவாள். வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போகும்போது விமான நிலையத்தில் அந்தக் கல்லைக் காட்டி எதற்கு என்பார்கள். "வாத்தியத்தை அடிக்க" என்ற பதில் அங்கே உதவாது.

தொப்பி என்கிற இடப்பக்கத் தோலின் நடுவே அப்புகிற ரவை வேறு. கச்சேரி முடிந்ததும் வழித்துப் போட்டுவிடுவதால் ஒவ்வொரு தடவையும் புதிதாக வேண்டும். மண்டபத்துச் சமையல்கட்டில் ஒரு பிடி ரவை கேட்டால், "பசிக்குதா தம்பி? இட்லி இருக்கே" என்கிறார் பரிசாரகர்.

இதற்கெல்லாம் மாற்று இல்லாமலில்லை. உமையாள்புரம் சிவராமன் ஃபைபர் கிளாஸில் மிருதங்கம் செய்து காட்டினார். ரவைக்குப் பதில் பசை வந்துவிட்டது. வாருக்குப் பதில் போல்ட்டும் நட்டும். நானும் ஒரு கல்யாணத்தில் ஸ்பானரோடு மேடையில் உட்கார்ந்தேன். முன்வரிசை மாமா ஒருவர் அருகில் வந்து, "முடிச்சுட்டு அந்தக் கைகழுவற குழாயையும் பாத்துடுங்கோ" என்றார்.

மூன்று மிருதங்கங்களையும் தூக்கி அலுத்து, புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை வழியில் கஞ்சிராவுக்கே போய்விடலாமா என்றும் யோசித்ததுண்டு. துணிப்பைக்குள் அடங்குகிற வாத்தியம். ஆனால் அதற்கு உடும்புத் தோல். 1972ஆம் வருஷச் சட்டம் உடும்பின் பக்கம், நானும்தான். எங்கள் ஜில்லாப் பூவாளூரில் பிறந்து, 1971இல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போன திருச்சி சங்கரன் இரண்டையும் வாசிப்பவர். அந்தக் குளிரில் தோலைக் கட்டி மேய்த்ததற்காகவே 2011இல் அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்திருக்கலாம்.

தோல் என்றால் சும்மா இல்லை. பசு, எருமை, ஆடு மூன்றும் ஒரே மிருதங்கத்தில் இருக்கின்றன. அதற்குத்தான் சரஸ்வதி பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இட்டுக் கூடத்தில் வைக்கிறோம். அந்தத் தோலை உரித்து, பதப்படுத்தி, நாதம் ஏற்றிக் கொடுத்தவர்களை எந்த வீடு கூடம்வரை விட்டது? டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' அதைத்தான் கேட்கிறது. பாலக்காடு மணி ஐயரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற ரசிகர்களிடம், அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சட்டென்று காபி சாப்பிடப் போய்விடுவார்கள்.

போன மாதம் அண்ணன் மகன் ஒரு மைக்கோடு வந்தான். ஆர்கெஸ்ட்ராவுக்காகப் புதிதாக வாங்கிய பேடில் மிருதங்கச் சத்தம் ஏற்ற வேண்டுமாம். தக்கு மிருதங்கத்தை எடுத்துச் சுருதி சேர்த்து, தீம், நம், சாப்பு என்று ஒவ்வொன்றாக வாசித்துக் கொடுத்தேன். ஐந்து கட்டைக்குச் சின்னதை எடுக்க எழுந்தபோது, "வேண்டாம் சித்தப்பா, பட்டனை அழுத்தினா இதுவே ஏறிக்கும்" என்று அழுத்தியும் காட்டினான். ஏறத்தான் செய்தது. எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். நாலாவது மிருதங்கத்துக்குப் பணம் கேட்டு நான் மனுப்போட்டு வைத்திருந்த அந்த வாரத்தில், காபி டம்ளரோடு நின்ற தன் சித்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா சொல்ல வேண்டும்?