பதினாறு பேரின் மூளை

2011-இல் வெளியான ஒரு பாஸ்டன் ஆய்வில் 16 பேருக்கு எட்டு வாரம் தியானப் பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதி கொஞ்சம் அடர்ந்திருந்தது. அவ்வளவுதான், சும்மா உட்கார்ந்தாலே மூளை வளரும் என்று ஊரெங்கும் தண்டோரா! பதினாறு பேர் என்பது நம்மூர் ஷேர் ஆட்டோவில் இரண்டு நடைக்கான கூட்டம்.

2022-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 218 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, அதே எட்டு வாரப் பயிற்சியைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டார்கள். மூளையின் வடிவத்தில் மாற்றம் எதுவும் தென்படவில்லை. இத்தனைக்கும் அந்த ஆய்வாளர்களில் ஒருவரான ரிச்சர்ட் டேவிட்சன், தலாய் லாமாவின் நண்பர். தியானத்துக்காக ஆயுள் முழுக்க வாதாடியவர். பாதகமான முடிவையும் பதறாமல் அச்சேற்றியிருக்கிறார் என்றால், தியானம் அவருக்காவது பலித்திருக்கிறது. தியானச் செயலி விற்பவர்கள்தான் இன்னும் 2011-லேயே கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள்.